அரை டிக்கெட் வயது

போன வருஷம் மே மாதம், கோடை விடுமுறைக்கு அக்கா மகள் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். அப்போது அவளுக்கு 11 வயது. மார்கழி பூராவும் பாட்டியோடு வாசலில் உட்கார்ந்து கோலம் பழகியவள், அதே புள்ளிகளை இப்போது டேப்லெட்டில் வைத்து, இழுத்து, வண்ணம் நிரப்பிக்கொண்டிருந்தாள். வரைந்ததை ஏற்றி நாலு பேருக்குக் காட்ட ஒரு தளம் இருப்பதாகப் பள்ளித் தோழி சொல்லியிருக்கிறாள். ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டு நான் கூடத்தில் கண்ணசந்த நேரத்தில், "மாமா, பொறந்த தேதி கேக்குது" என்றாள். "போடேன்" என்றேன். நாள், மாதம், வருஷம் மூன்றையும் சரியாகப் போட்டாள். உங்களுக்கு இப்போது கணக்குத் தொடங்க இயலாது என்று திரையில் ஒரு வரி வந்தது. ஏன், எதற்கு என்று ஒன்றும் இல்லை. பெயரில் எழுத்துப்பிழை விட்டுவிட்டோமோ என்று அவள் பெயரை அழித்து மறுபடி அடித்துப் பார்த்தாள். அப்பா பெயரின் முதலெழுத்தைச் சேர்த்துப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள்.

எனக்குக் காரணம் தெரியும். 13 வயது ஆகாவிட்டால் இந்த மாதிரித் தளங்களில் கணக்குக் கிடையாது. யாருக்குத்தான் தெரியாது? "வருஷத்தை மட்டும் மாத்திப் போடும்மா" என்றேன். மாற்றினாள். மறுபடியும் அதே வரி. முதல் தடவை அவள் சொன்ன பதிலைத் தளம் நினைவில் வைத்துக்கொண்டிருந்தது. சரி, இங்கே கொடு என்று என் போனை எடுத்தேன். வருஷச் சக்கரத்தை விரலால் ஒரு தள்ளு தள்ளினேன். அது கிறுகிறுவென்று ஓடி 2000-இல் போய் நின்றது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உடனே கதவு திறந்தது. வரவேற்பு, பலூன், கைதட்டல். அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மாமா? நான் உண்மையைப் போட்டுட்டேன்" என்றாள். கோபமெல்லாம் இல்லை. பல்லாங்குழியில் ஒரு விதி தெரியாமல் ஆட்டம் தோற்றவள் அடுத்த ஆட்டத்துக்கு அதைக் கேட்டு வைத்துக்கொள்வது மாதிரி கேட்டாள்.

அந்தக் கேள்விதான் என்னை விடவில்லை. நான் வரிக்கணக்குத் தாக்கல் செய்து கொடுத்துப் பிழைப்பவன். படிவம்தான் என் சோறு. ஒரு படிவத்தில் ஒரு கட்டம் இருந்தால், அதற்குப் பின்னால் எங்கோ ஒரு சட்டப்பிரிவு உட்கார்ந்திருக்கும். 25 வருஷத்தில் இதற்கு விதிவிலக்கைப் பார்த்ததில்லை. திருச்சியில் ஒரு கூடத்தில் உட்கார்ந்து கோலத்தைப் பதிவேற்ற நினைக்கும் பிள்ளையிடம் பிறந்த வருஷம் கேட்கும் அந்தக் கட்டத்துக்குப் பின்னால் என்ன பிரிவு இருக்கிறது? அந்த 13 என்ற எண்ணை யார் வைத்தார்கள்? மனநல மருத்துவர்கள் கூடி முடிவு செய்திருப்பார்கள் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். தேடிப் போனால், அது வந்து சேர்ந்த வழி வேறு மாதிரி இருந்தது.

நீல உறைக்குள் இருந்த படங்கள்

அமெரிக்க காங்கிரஸுக்கு இணையத்தின் மேல் முதன்முதலில் பெரிய பயம் வந்தது 1995-இல். நெப்ராஸ்கா செனட்டர் ஜேம்ஸ் எக்ஸான், இணையத்தில் கிடைத்த ஆபாசப் படங்களை அச்செடுத்து, ஒரு நீலக் கோப்பில் போட்டு, செனட் சபைக்கே கொண்டுவந்தார். சக செனட்டர்கள் வந்து புரட்டிப் பார்த்தார்கள். அவர்களில் பலர் அதுவரை இணையத்தைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அவர்களுக்கு அந்தக் கோப்புதான் இணையம். 84-க்கு 16 என்ற கணக்கில் எக்ஸானின் திருத்தம் நிறைவேறியது. தகவல்தொடர்பு ஒழுக்கச் சட்டம் என்று அதற்குப் பெயர். 18 வயதுக்குட்பட்டவர்கள் கண்ணில் படும்படி அநாகரிகமான எதையும் இணையத்தில் வைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை. 1996 பிப்ரவரி 8 அன்று, தொலைத்தொடர்புச் சட்டத்தின் ஒரு பகுதியாக அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். அன்றே வழக்கும் போட்டார்கள்.

1997 ஜூன் 26-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுகளைத் தூக்கிக் கடாசியது. தீர்ப்பை எழுதிய ஜான் பால் ஸ்டீவன்ஸுக்கு அப்போது வயது 77. இன்று படித்தாலும், அந்த வயதில் அந்த மனிதர் இணையத்தை எவ்வளவு நிதானமாகப் புரிந்துகொண்டார் என்று ஆச்சரியமாக இருக்கிறது. பிள்ளைகளைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி, பெரியவர்கள் பேச உரிமையுள்ள பேச்சையெல்லாம் அடைக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது இன்னொன்று. இணையத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன வயது என்று தெரிந்துகொள்ள நம்பகமான வழி கிடையாது என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

(அந்தச் சட்டத்தில் தப்பிப் பிழைத்தது 230-ஆம் பிரிவு. ஒருவர் எழுதியதற்கு, அதைத் தாங்கி நிற்கும் தளத்தைப் பொறுப்பாளி ஆக்கக்கூடாது என்று 26 ஆங்கிலச் சொற்களில் சொல்லும் பிரிவு. இன்றைய இணையமே அதன் மேல்தான் நிற்கிறது என்பார்கள். அது தனிக் கதை. என் அக்கா மகளின் கதைக்கு அது வேண்டாம்.)

கோதம் நகர மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

ஆபாசம் ஒரு பக்கம் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, இன்னொரு பக்கம் யாரும் அவ்வளவாகக் கவனிக்காத ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. வாஷிங்டனில் கேத்ரின் மான்ட்கோமரி என்ற பெண்மணியும் அவர் நடத்திய ஊடகக் கல்வி மையமும் 1996-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கான தளங்கள் குழந்தைகளிடமே விவரம் கறக்கின்றன என்பது குற்றச்சாட்டு. அதில் வரும் ஓர் உதாரணத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. பேட்மேன் படம் ஒன்றுக்கான தளம். நல்ல குடிமக்களே, கோதம் நகர மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு உதவுங்கள் என்று அந்தக் கதையில் வரும் போலீஸ் கமிஷனர் கார்டன் பெயரில் ஒரு வேண்டுகோள். கமிஷனரே கேட்கிறாரே என்று பிள்ளைகள் படிவத்தை நிரப்பும். என் அக்கா மகளாக இருந்தால் கோலத்தையெல்லாம் போட்டுவிட்டு ஓடிப்போய் நிரப்பியிருப்பாள். நானேகூட அந்த வயதில் நிரப்பியிருப்பேன்.

அதே வருஷம் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தொலைக்காட்சி நிருபர் ஒரு காரியம் செய்தார். முகவரிப் பட்டியல் விற்கும் நிறுவனம் ஒன்றிடம், ஒரு சிறுமியைக் கடத்திக் கொன்ற வழக்கில் நாடே அறிந்திருந்த ஒருவனின் பெயரைச் சொல்லி, பிள்ளைகளின் பட்டியல் கேட்டார். கிடைத்தது. 5,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்கள். விலை 277 டாலர். இது இணையத்தில் நடந்ததல்ல, பழைய தபால் விளம்பர வியாபாரம். ஆனால் இதே சரக்கை இணையத்தில் பிள்ளைகளே நேராக வந்து கொட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்க அது போதுமானதாக இருந்தது.

1998 ஜூனில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தன் கணக்கெடுப்பைக் காங்கிரஸிடம் கொடுத்தது. குழந்தைகளுக்கான 212 தளங்களைப் பார்த்ததில் 89 சதவீதம் குழந்தைகளிடமே தனிப்பட்ட விவரம் வாங்குகின்றன. அந்த விவரத்தின் மேல் பெற்றோருக்கு ஏதாவது பிடி கொடுக்கும் தளங்கள் 10 சதவீதம்கூட இல்லை. அடுத்த மாதமே நெவாடா செனட்டர் ரிச்சர்ட் பிரையன் மசோதாவைக் கொண்டுவந்தார். அக்டோபர் 21-இல் அது சட்டமாகிவிட்டது. மூன்றே மாதம். காங்கிரஸ் கணக்கில் இது பறக்கிற வேகம்.

அந்த வேகத்துக்கு ஒரு காரணம், அது தனியாகப் போகவில்லை. வருஷக் கடைசியில் அரசாங்கச் செலவுக்கான ஒட்டுமொத்த மசோதா ஒன்று, ஏறக்குறைய 4,000 பக்கம், நிறைவேறியாக வேண்டிய கட்டாயத்தில் நின்றுகொண்டிருந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் ஊருக்குக் கிளம்பும் பஸ் மாதிரி, கிடைத்த இடுக்கிலெல்லாம் ஆளாளுக்கு ஒரு மூட்டையைத் திணித்தார்கள். இணையச் சேவைக்குப் புது வரி போடத் தடை ஒரு மூட்டை. 13-ஆம் தலைப்பாகப் பிரையன் கொண்டுவந்த குழந்தைகளின் இணையத் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். 14-ஆம் தலைப்பாகக் குழந்தைகளின் இணையப் பாதுகாப்புச் சட்டம். (தலைப்பு எண்ணும் 13 என்பது தற்செயல். ஜோசியம் பார்க்க வேண்டாம்.) தனியுரிமைச் சட்டத்தின் சுருக்கப் பெயர் கோப்பா, மற்றதன் பெயர் கோபா. தமிழில் எழுதினால் ஒரே ஒரு 'ப்'தான் வித்தியாசம். ஒரே நாளில், ஒரே கையெழுத்தில் பிறந்த இரட்டைகள்.

கோபா, எக்ஸானின் சட்டத்துக்கு மறுபிறவி. பிள்ளைகள் பார்க்கக்கூடாததைக் காட்டும் வணிகத் தளங்களைத் தண்டிக்க வந்தது. அமலுக்கு வருமுன்னே நீதிமன்றம் தடை போட்டது. உச்ச நீதிமன்றம் வரை போவதும் வருவதுமாகப் பத்து வருஷம் இழுத்து, 2009 ஜனவரியில் செத்தது. ஒரு நாள்கூட உயிரோடு இருக்கவில்லை. கோப்பா மட்டும் பிழைத்துக்கொண்டது. அது பிள்ளைகள் எதைப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே போகவில்லை. பிள்ளைகளிடமிருந்து கம்பெனிகள் எதை எடுக்கலாம் என்று மட்டும் கேட்டது. பேச்சுரிமை வழக்கறிஞர்களுக்கு அதில் பிடித்துக்கொள்ள பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

இங்கேதான் எனக்கு முதல் திகைப்பு. கோப்பாவை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை படித்தேன். நாங்கள் கையாளும் வரிச்சட்டத்தோடு பார்த்தால் துண்டுப் பிரசுரம் அளவுதான். 13 வயதுக்குட்பட்டவர்கள் கணக்குத் தொடங்கக்கூடாது என்று அதில் எங்குமே இல்லை. பிள்ளைகளுக்கான தளமாக இருந்தால், அல்லது எதிரே இருப்பது 13 நிரம்பாத பிள்ளை என்று உனக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தால், விவரம் வாங்குமுன் பெற்றோரிடம் கேள். அவர்களுக்குக் காட்டு, அழிக்கச் சொன்னால் அழி. விளையாட்டில் சேர்க்க வேண்டுமானால் தேவைக்கு மேல் விவரம் கேட்காதே. இவ்வளவுதான் சட்டம். நல்ல சட்டம் என்றே சொல்வேன். பிள்ளையைச் சேர்த்துக்கொள், ஆனால் வீட்டில் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள் என்கிறது. அதைப் படித்த கம்பெனிகளுக்கு மட்டும் அது 'பிள்ளையைச் சேர்க்காதே' என்று எப்படிக் கேட்டது?

எண் 13-க்கும் பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. 13 நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம், அதற்கு மேல் 16 வரையுள்ளவர்களுக்குப் பெற்றோருக்குத் தகவல் என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. 15 வயதுப் பெண் ஒருத்தி வீட்டில் நடக்கும் கொடுமையைப் பற்றி இணையத்தில் உதவி தேடினால் அந்தத் தகவலும் வீட்டுக்கே போகுமா என்று உரிமை அமைப்புகள் கேட்டன. நியாயமான கேள்வி. வியாபாரிகளுக்கும் பதின்பருவத்துப் பணப்பை வேண்டும், அவர்கள் கேட்டது நியாயத்தோடு சேர்ந்து வரவில்லை. ஆக 13-இல் வந்து நின்றது. மசோதாவைப் பிரதிநிதிகள் சபையில் முன்னெடுத்த எட் மார்க்கி, தான் விரும்பியது 16 என்றும், கிடைத்தது 13 என்றும் பின்னாளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். மீன் மார்க்கெட்டில் பேரம் படிந்த விலை மாதிரி ஓர் எண். அதுதான் கடல் தாண்டி, எந்தச் சட்டமன்றமும் பேசாமல், திருச்சியில் என் கூடத்துக்கு வந்திருக்கிறது.

தெரியாமல் இருப்பதன் வசதி

2000 ஏப்ரல் 21-இல் விதிகள் அமலுக்கு வந்தன. பெற்றோர் சம்மதத்தை எப்படி வாங்குவது? படிவத்தை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, தபாலிலோ ஃபேக்ஸிலோ அனுப்பலாம். கிரெடிட் கார்டு எண் கொடுக்கலாம். கட்டணமில்லாத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லலாம். ஒரு பிள்ளை பொம்மைக்குச் சட்டை மாட்டி விளையாட, அதன் அப்பா ஆபீஸ் ஃபேக்ஸ் இயந்திரத்தின் முன்னால் நிற்க வேண்டும். அந்த ஃபேக்ஸைப் பிரித்துப் பார்க்கத் தளத்துக்காரர் ஆள் வைக்க வேண்டும். சில தளங்கள் குழந்தைகளுக்கான அரட்டைப் பக்கங்களையே இழுத்து மூடின. மற்றவர்கள் கொஞ்சம் கெட்டிக்காரர்கள், சட்டத்தை வரிவரியாகப் படித்தார்கள்.

நானும் அந்த வரியைத்தான் ஒருநாள் ராத்திரி, எல்லோரும் தூங்கின பிறகு, திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். "உண்மையிலேயே தெரிந்திருந்தால்." எங்கள் தொழிலில் இந்தச் சொற்களைக் கண்டால் காது விடைத்துக்கொள்ளும். தெரிந்திருந்தால்தான் பொறுப்பு என்று சட்டம் சொல்லிவிட்டால், தெரியாமல் இருப்பது சொத்து. பொதுமக்களுக்கான தளம் ஒன்று யாருடைய வயதையும் துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கேட்கலாம். வந்த பதிலை நம்பலாம். பதில் 13-க்கு மேல் என்றால் தளத்துக்கு ஒன்றும் தெரியாது. கோடிக்கணக்கான பிள்ளைகள் உள்ளே இருந்தாலும் ஒன்றும் தெரியாது.

வர்த்தக ஆணையம் போட்ட அபராதங்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2003-இல் மிசஸ் ஃபீல்ட்ஸ் என்ற பிஸ்கட் கம்பெனிக்கு 1,00,000 டாலர். 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் சங்கம் நடத்தி, பிஸ்கட் கூப்பன் தருகிறோம் என்று 84,000 பிள்ளைகளின் விவரத்தை வாங்கியிருந்தார்கள். பெற்றோரைக் கேட்கவில்லை. அதே நேரத்தில் ஹெர்ஷே சாக்லேட் கம்பெனிக்கு 85,000 டாலர். இவர்கள் பெற்றோர் சம்மதப் படிவம் வைத்திருந்தார்கள், பாவம். ஆனால் அதை நிரப்பியது பெற்றோர்தானா என்று பார்க்க ஒரு ஏற்பாடும் இல்லை. அப்பா பெயரில் பிள்ளையே 'சம்மதம்' என்று அமுக்கிவிட்டுப் போகலாம். ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைத் தானே போட்ட எந்தத் தமிழனுக்கும் இது விளங்கும்.

இதெல்லாம் சரி. என் தூக்கத்தைக் கெடுத்தது 2006-ஆம் வருஷத்து வழக்கு. ஸாங்கா என்று ஒரு சமூக வலைத்தளம், அப்போது பிள்ளைகள் மத்தியில் பிரபலம். அபராதம் 10 லட்சம் டாலர், அதுவரை இந்தச் சட்டத்தில் விதித்ததிலேயே பெரியது. தவறு என்ன? சேரும்போது, எனக்கு 13 ஆகிவிட்டது என்று ஒரு பெட்டியில் டிக் செய்ய வேண்டும். பிறந்த தேதியும் கேட்டார்கள். பெட்டியில் டிக் அடித்துவிட்டு, பிறந்த தேதியை மட்டும் உள்ளபடி போட்ட பிள்ளைகள் இருந்தார்கள். தேதியைப் பார்த்தாலே 13 ஆகவில்லை என்று தெரியும். அப்படி 5 வருஷத்தில் 17 லட்சம் கணக்குகள். தளம் அவர்களை உள்ளே விட்டிருந்தது. தேதி கையில் இருந்ததால், தெரியாது என்று சொல்ல முடியவில்லை.

17 லட்சம் கணக்குகள். என் அக்கா மகளைப் போல நாள், மாதம், வருஷம் மூன்றையும் சரியாகப் போட்டவர்கள். அவர்களோடு அதே தளத்தில் பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டு நுழைந்த பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தார்களோ, அவர்களால் ஸாங்காவுக்கு ஒரு நயா பைசா நஷ்டம் இல்லை. நஷ்டம் வந்தது உண்மையைச் சொன்ன பிள்ளைகளால்தான். இந்த வழக்கைப் படித்த மற்ற கம்பெனி வக்கீல்கள் தங்கள் பொறியாளர்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் ஊகிக்க வேண்டியதே இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். உண்மையைச் சொல்கிற பிள்ளையை வாசலிலேயே நிறுத்து. காரணம் சொல்லாதே, சொன்னால் திரும்பப் போய் வருஷத்தை மாற்றும். ஒரு தடவை சொன்னதை நினைவில் வை. அன்று மத்தியானம் கூடத்தில் நான் பார்த்தது அப்படியே இதுதான். அந்தத் தளம் அவளைத் திருப்பி அனுப்பியது அவள் வயதுக்காக அல்ல. வயதைச் சொன்னதற்காக.

அப்புறம் நான் என் போனை எடுத்து அந்தச் சக்கரத்தைத் தள்ளியதும் அந்த ஏற்பாட்டுக்குள்தான் வருகிறது. பெற்றோரை நடுவில் நிறுத்தி வைக்க வந்த சட்டம், பெற்றோர் கையாலேயே பொய்த் தேதி போட வைத்துவிட்டது. 2011-இல் டேனா பாய்டும் சக ஆய்வாளர்களும் அமெரிக்கப் பெற்றோரிடம் விசாரித்தபோது, 13 ஆகாத தங்கள் பிள்ளைக்குக் கணக்கு இருப்பது தெரிந்த அப்பா அம்மாக்களில் பெரும்பாலோர் அதைத் தொடங்க உதவியவர்கள்தான் என்று தெரிந்ததாம். எங்கள் வீட்டில் மாமா.

காதைத் தொடுகிற கை

வயதைச் சரிபார்ப்பது பற்றி யோசித்தபோதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. தாத்தா அவரைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனபோது பிறப்புச் சான்றிதழ் எல்லாம் இல்லை. தலைமை ஆசிரியர், வலது கையைத் தலைக்கு மேல் போட்டு இடது காதைத் தொடு என்றிருக்கிறார். அப்பாவுக்குக் கை நீளம். தொட்டுவிட்டார். வயது 5 என்று முடிவாகி, ஜூன் மாதத்தில் ஒரு தேதியை ஆசிரியரே எழுதிக்கொண்டார். அவர் பிறந்தது ஆடிப்பெருக்குக்கு மறுநாள் என்று பாட்டி சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஜூன் தேதியால் அப்பா ஒரு வருஷம் முன்னாலேயே ஓய்வு பெற்றார். பென்ஷன் கணக்கில் குறைந்த தொகையைச் சொல்லி, "என் கை கொஞ்சம் குட்டையா இருந்திருக்கலாம்டா" என்பார்.

அது துல்லியமான சோதனை இல்லைதான். ஆனால் வாத்தியார் எதிரே நின்ற பிள்ளையைப் பார்த்தார். இணையத்துக்கு இத்தனை வருஷம் காதும் இல்லை, கையும் இல்லை, கட்டம் மட்டும்தான் இருந்தது. இப்போது மாறுகிறது. கேமராவில் முகத்தைக் காட்டு, வயதை நான் மதிப்பிடுகிறேன் என்கிற தளங்கள் வந்துவிட்டன. 1997-இல் வயதறிய வழியில்லை என்ற அதே உச்ச நீதிமன்றம், 2025 ஜூன் 27-இல், ஆபாசத் தளங்கள் வயதைச் சரிபார்த்தே ஆக வேண்டும் என்ற டெக்சாஸ் சட்டத்தை 6-க்கு 3 என்ற கணக்கில் செல்லும் என்றது. நம் ஊரிலும் 2023-ஆம் வருஷத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதில் குழந்தை என்றால் 13 இல்லை, 18 நிரம்பாதவர். காலேஜில் சேர்ந்து மோட்டார் சைக்கிளில் போகிற பையனும் குழந்தை, அவனுக்கும் பெற்றோரின் சரிபார்த்த சம்மதம். பேப்பரில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. 13-க்கே இந்தப் பாடு என்றால் 18-க்கு எத்தனை சக்கரம் சுற்றப் போகிறதோ.

இவ்வளவையும் ஒருநாள் போனில் அக்காவிடம் கொட்டினேன். ஸாங்கா, 17 லட்சம், எல்லாம். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டேய், உனக்கு அந்த மதுரை ரயில் ஞாபகம் இருக்கா?" என்றாள். எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது மட்டும்தான் ஞாபகம். மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். ரயிலில் 12 வயது ஆகாத பிள்ளைக்கு அரை டிக்கெட். அம்மா எங்கள் இருவருக்கும் அரை டிக்கெட் எடுத்திருந்தாள். டிக்கெட் பரிசோதகர் வந்து அக்காவைப் பார்த்தார். அவள் அப்போதே நல்ல உயரம். "பாப்பாவுக்கு என்ன வயசும்மா?" அம்மா, "பதினொண்ணு" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அக்கா, "இல்ல சார், பன்னெண்டு முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு" என்றிருக்கிறாள்.

அவர் சிரித்துவிட்டு, வித்தியாசத்தையும் அபராதத்தையும் வாங்கிக்கொண்டு, ரசீது கிழித்துக் கொடுத்தாராம். திண்டுக்கல் வருகிற வரை அம்மா ஒன்றும் பேசவில்லை. திண்டுக்கல் தாண்டியதும், முந்தானைக்கு அடியில் கையை விட்டு, அக்காவின் தொடையில் ஒரு கிள்ளு. "தொடை ஒரு வாரம் கருநீலமா இருந்துச்சு. உண்மையைச் சொல்லி நான் அடி வாங்கினது அது ஒண்ணுதான். அதுக்கப்புறம் யாராவது வயசு கேட்டா மொதல்ல அம்மா மூஞ்சியத்தான் பாப்பேன்" என்றாள்.

அன்று மத்தியானம் அக்கா மகள் திரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்ததை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

அந்தக் கணக்கு இன்னும் இருக்கிறது. அதில் நாற்பதுக்கும் மேல் கோலங்கள் ஏற்றியிருக்கிறாள். கம்பிக் கோலம் ஒன்றுக்கு யாரோ பிரேசிலிலிருந்து பாராட்டி எழுதியிருந்தார்கள். அந்தத் தளத்தைப் பொறுத்தவரை அவளுக்கு 25 வயது தாண்டிவிட்டது. அவ்வப்போது வீட்டுக்கடன் விளம்பரமும், மேட்ரிமோனி விளம்பரமும் காட்டுகிறது. அவளும் தோழிகளும் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். செப்டம்பரில் அவளுக்கு 13 நிரம்புகிறது. போன வாரம் கூப்பிட்டு, "மாமா, அன்னைக்கு வருஷத்தை சரியா மாத்திடலாமா? இனிமே உண்மையப் போட்டா விடுவாங்கல்ல?" என்று கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

பார்த்தேன். அமைப்புகளுக்குள் போனால் பிறந்த தேதிக்குப் பக்கத்தில் ஒரு பென்சில் படம் இருக்கிறது. தொட்டால் அதே சக்கரம் வருகிறது. 2013-க்குச் சுற்றினேன். இந்த மாற்றத்தைச் செய்தால் உங்கள் கணக்கு மறுபரிசீலனைக்கு உட்படுத்தப்படலாம், உங்கள் பதிவுகள் நீக்கப்படலாம் என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. கீழே இரண்டு பொத்தான்கள். நான் எதையும் அமுக்காமல் போனை மூடி வைத்துவிட்டேன். செப்டம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது.